கோபி தொகுதி எங்கே போச்சு?

கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் மகள் வயிற்றுப் பேத்தி போனில் ஒரு கேள்வி கேட்டாள். சத்தியமங்கலம் பக்கம் இருக்கிற பிள்ளை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்டாள்.

"அப்பிச்சி, எங்களுக்கு எம்.பி. தொகுதி நீலகிரி. உங்களுக்குத் திருப்பூர். காங்கயத்துச் சின்னம்மாளுக்கு ஈரோடு. ஆனா மூணு வீட்டுக்கும் தண்ணி கீழ்பவானி வாய்க்கால்லதானுங்களே வருது? இதை இப்படிப் பிரிச்சது யாருங்க?"

முப்பத்துநாலு வருசம் வரலாறு நடத்தியவன். ஆனாலும் போனில் இரண்டு நிமிசத்தில் சொல்ல வரவில்லை. "எழுதறேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். எழுத எழுத இவ்வளவு ஆகிவிட்டது.

முதலில் நம் ஊர்க் கதை. கோபிசெட்டிபாளையம் என்று ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்தது இன்றைக்குக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1957-ல் வந்த தொகுதி. அந்த முதல் தேர்தலில் ஜெயித்தவர் கே.எஸ். ராமசாமி. அடுத்து 1962-ல் பி.ஜி. கருத்திருமன். கடைசியாக 2004-ல் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் ஜெயித்து மத்திய இணை அமைச்சரும் ஆனார். 2009 தேர்தல் வந்தபோது தொகுதியே இல்லை. நம் சீட்டில் திருப்பூர் என்று எழுதியிருந்தது.

டீக்கடையில் அப்போது பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "கோபியைத் தூக்கிட்டாங்க. பனியன் கம்பெனிக்காரங்க காசு விளையாடிருச்சு." இன்னொருவர், "அதெல்லாம் இல்லீங்க, அந்தக் கட்சி பண்ணுன வேலை." எந்தக் கட்சி என்று கேட்டால், சொல்கிறவர் எந்தக் கட்சியோ அதற்கு எதிர்க்கட்சி.

நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். பழைய கோபி தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி, பவானிசாகர், சத்தியமங்கலம். இன்றைய திருப்பூர் தொகுதியில் ஆறு: பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி, திருப்பூர் வடக்கு, திருப்பூர் தெற்கு. ஆறில் நாலு அதேதான். சத்தியமங்கலம் என்ற சட்டமன்றத் தொகுதியைக் கலைத்து, சத்தி நகரத்தைப் பவானிசாகரோடு சேர்த்து, அதை நீலகிரிக்குக் கொடுத்துவிட்டு, திருப்பூரை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான். கோபி தொகுதி சாகவில்லை. தலைப்பாகை மாறியது.

திருப்பூர்க்காரர்கள் பக்கமும் பாருங்கள். 1952-ல் திருப்பூர் என்ற நாடாளுமன்றத் தொகுதி இருந்தது. தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் அதில் ஜெயித்தவர். 1957-ல் அது போய்விட்டது. அப்புறம் அரை நூற்றாண்டு திருப்பூர் பெயரில் எம்.பி. கிடையாது. 1971-ல் ஒரு லட்சத்துச் சொச்சம் ஜனம் இருந்த ஊர், 2001-ல் 3 லட்சத்து 44 ஆயிரம் ஆனது. டாலர் டாலராக ஏற்றுமதி பண்ணிய ஊருக்கு 2006 வரை ஒரே ஒரு எம்.எல்.ஏ. நாடாளுமன்றத்துக்குக் கோவைத் தொகுதியில் போய் ஓட்டுப் போட்டார்கள். கே. சுப்பராயன் 2004-ல் அவர்களுக்குக் கோவை எம்.பி., 2019-ல் திருப்பூர் எம்.பி. ஆள் அதே ஆள், பலகைதான் வேறு. ஈரோட்டுக்கும் இதே கதைதான். அவ்வளவு பெரிய ஊர் திருச்செங்கோடு தொகுதிக்குள் கிடந்தது.

ஆக நமக்குப் போன பெயர் அவர்களுக்கு ரொம்ப நாளாக வர வேண்டிய பெயர். வருத்தம் இருக்கலாம், அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, பிரித்தது யார்? நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் இருந்த தொகுதி மறுவரையறை ஆணையம். உச்ச நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஒரு தேர்தல் ஆணையர், அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையர், ஆக மூன்றே பேர். 2002-ல் போட்ட சட்டத்தின்படி அமைந்தது. அவர்கள் வகுத்த எல்லை 2008 பிப்ரவரி 19 அன்று நடைமுறைக்கு வந்தது.

கட்சிக்காரர்கள் உள்ளே இல்லையா என்றால், இருந்தார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. இணை உறுப்பினர்கள். ஆனால் சட்டம் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கிறது: அவர்கள் பேசலாம், ஆட்சேபிக்கலாம், ஓட்டுப் போட முடியாது, கையெழுத்துப் போட முடியாது. நம் பக்கம் பாகம் பிரிக்கும்போது அண்ணன் தம்பி இரண்டு பேரையும் வரப்பில் நிற்க வைத்துக்கொண்டு, கயிற்றை மட்டும் வெளியூர் ஆள் கையில் கொடுப்பார்கள் அல்லவா, அதே ஏற்பாடு.

இது நம் நாட்டில் சும்மா வந்ததில்லை. 1952 முதல் தேர்தலுக்கு எல்லை வகுத்தபோது இந்த ஏற்பாடு கிடையாது. தேர்தல் ஆணையம் யோசனை சொல்லும், எம்.பி.க்கள் கொண்ட ஆலோசனைக் குழு பார்க்கும், குடியரசுத் தலைவர் ஆணை போடுவார், அந்த ஆணை நாடாளுமன்றத்துக்குப் போகும், அங்கே திருத்தவும் செய்யலாம். திருத்தினார்கள். தன் தொகுதியைத் தானே அளந்துகொள்கிற கூத்து. அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் 1952-லேயே தனிச் சட்டம் போட்டு, நீதிபதிகளைக் கொண்ட ஆணையம் அமைத்து, அதன் ஆணையை நாடாளுமன்றம்கூட மாற்ற முடியாது என்று வைத்தார்கள். முதல் ஆணையத்தின் தலைவர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து உச்ச நீதிமன்றம் போன நீதிபதி என். சந்திரசேகர ஐயர். இந்தப் பெயரைப் பாடப் புத்தகத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

தானே அளந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்துப் போட்ட வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்கிற, பல்லி போலத் தோன்றும் பிராணி மாதிரி நெளிந்து கிடந்தது. ஜெர்ரியும் சாலமாண்டரும் சேர்ந்து 'ஜெர்ரிமாண்டர்' என்று வசைச் சொல் ஆனது. கலிபோர்னியா 2008-ல் சாதாரணக் குடிமக்கள் கையில் அளவுக் கயிற்றைக் கொடுத்தது. நல்ல ஏற்பாடு என்று உலகமே மெச்சியது. 2025-ல் டெக்சாஸ் தன் கட்சிக்குச் சாதகமாக வரைபடத்தை மாற்றிய உடனே, கலிபோர்னியாவும் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி, அந்தக் குடிமக்கள் ஆணையத்தின் நாடாளுமன்ற வரைபடத்தைத் தற்காலிகமாக ஓரம் கட்டிவிட்டது.

இங்கிலாந்துக் கதை இன்னும் ருசி. அங்கே ஓல்டு சாரம் என்று ஒரு தொகுதி. ஊரே கிடையாது, மண்மேடு. ஒரு டஜன் ஓட்டுக்கூடத் தேறாது, ஆனால் இரண்டு எம்.பி. அந்த மண்மேட்டை விலைக்கு வாங்கிய தாமஸ் பிட் யார் தெரியுமா? 1698 முதல் 1709 வரை நம் சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர்! கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் பிரான்சுக்கு விற்ற அதே ஆசாமி. சென்னைக்கு ஆளுநராக வருமுன்பே, இந்திய வியாபாரத்தில் சம்பாதித்த காசில் தொகுதி வாங்கிவிட்டார். பின்னால் அவர் பேரன் மூத்த வில்லியம் பிட் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குப் போனது அந்த மண்மேட்டின் எம்.பி.யாகத்தான். 1832-ல் சீர்திருத்தச் சட்டம் வந்துதான் அதை ஒழித்தது. நம் காசில் வாங்கிய இங்கிலாந்துத் தொகுதி என்று வகுப்பில் சொன்னால் பின் பெஞ்சுப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது சொந்தங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கோபப்படாமல் படியுங்கள்.

2008-ல் பவானிசாகர் தனித் தொகுதி ஆனது. அதுவரை தனித் தொகுதியாக இருந்த அந்தியூர் பொதுத் தொகுதி ஆனது. நாடாளுமன்றத்தில் பொள்ளாச்சி தனித் தொகுதியாக இருந்தது. அது பொதுவானது, நீலகிரி தனித் தொகுதி ஆனது. அப்போது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நம் ஆட்கள் பேசியது: "மாப்ளே, நம்ம தொகுதி போச்சுடா." அந்தியூரிலும் பொள்ளாச்சியிலும் வந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை, போனதை மட்டும்தான் பேசினார்கள். சட்டத்தில் இருப்பது கணக்கு. பட்டியல் சாதி மக்கள் விகிதம் அதிகமுள்ள இடங்களில், மாநிலத்தின் பல பக்கமும் பரவலாக இருக்கும்படி ஒதுக்க வேண்டும். 2001 கணக்கெடுப்பில் விகிதம் எங்கே கூடி வந்ததோ, எல்லை மாறியதில் எங்கே சேர்ந்ததோ, அங்கே போனது. நம் வீட்டுக் கழனியில் தலைமுறையாக வேலை பார்த்தவர்களுக்கும் சட்டமன்றத்தில் ஒரு நாற்காலி வேண்டும் என்பதை நம் தோட்டத்து வரப்பில் வைத்துப் பேசக் கூடாது. அன்றைக்கு நான் பந்தியில் வாயை மூடிக்கொண்டு பாயசம் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் குறை மனதில் இருக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னுடைய இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆணையம் முதலில் வரைவைத்தான் வெளியிடும். அரசிதழிலும் பத்திரிகையிலும் வரும். ஒத்துக்கொள்ளாத இணை உறுப்பினர்களின் மாற்று யோசனையும் சேர்ந்தே வர வேண்டும். பொதுமக்கள் ஆட்சேபம் எழுதலாம், பொது அமர்வில் நேரில் போயும் சொல்லலாம். நம் பக்கத்து வரைவைப் பத்திரிகையில் நான் பார்த்தேன். சத்தி தொகுதி போவதையும் பார்த்தேன். ஒரு மனு எழுத வேண்டும் என்று நினைத்து, பாதி எழுதி, விடைத்தாள் திருத்தும் வேலையில் அப்படியே மேசை டிராயரில் கிடந்துபோனது. தேதி முடிந்துவிட்டது. டீக்கடையில் கத்தியவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று விசாரித்தேன். எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை.

தேதி முடிந்தால் ஏன் முக்கியம் என்றால், அதன்பின் கதவே கிடையாது. இறுதி ஆணை வந்தால் அது சட்டம். அரசியல் சட்டத்தின் 329-வது பிரிவு, நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. உஜ்ஜைன் தொகுதியைத் தனித் தொகுதி ஆக்கியதை எதிர்த்து மேக்ராஜ் கோத்தாரி என்பவர் போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆளாளுக்கு வழக்குப் போட்டால் தேர்தலே நடத்த முடியாது என்பது நியாயமான காரணம்தான். குஜராத்தின் பர்தோலி தொகுதி வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் கதவைக் கொஞ்சம் திறந்தது: அப்பட்டமாகத் தன்னிச்சையான முடிவாக இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. நூலிழை இடைவெளி. அதை நம்பி மனுவை டிராயரில் போட முடியாது.

சுதந்திரமான ஆணையம் என்றால் கட்சிகளிடம் இருந்து சுதந்திரம். நல்லது. ஆனால் நம்மிடம் இருந்தும் அது சுதந்திரமாகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிக்குக் கொடிவேரி எந்தப் பக்கம், காளிங்கராயன் எந்தப் பக்கம் என்று யார் சொல்வது? எல்லை வகுக்கும்போது பார்க்க வேண்டியவை என்று சட்டம் சொல்வது: இடம் ஒன்றோடொன்று ஒட்டிக் கச்சிதமாக இருப்பது, மலை ஆறு போன்ற இயற்கை அமைப்பு, ஏற்கெனவே உள்ள நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி. வாய்க்கால் பாசனம் அதில் தனியாக இல்லை. 'மக்கள் வசதி' என்ற சொல்லுக்குள் அதை நாம்தான் கொண்டுபோய் நுழைக்க வேண்டும்.

கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். பவானிசாகரில் புறப்படும்போது நீலகிரித் தொகுதி, கோபி பெருந்துறை வரும்போது திருப்பூர், மொடக்குறிச்சி காங்கயம் போனால் ஈரோடு, கடைமடை கரூர். ஒரு வாய்க்காலுக்கு நாலு எம்.பி. என் நண்பர் ஒருவர், பெருந்துறைப் பக்கம் மஞ்சள் விவசாயி, "நாலு பேர் டெல்லியில பேசுனா நல்லதுதானுங் வாத்தியாரே" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு பேருக்கும் அது கால்பங்குப் பிரச்சினை. நீலகிரி எம்.பி.க்குத் தேயிலை விலை, கூடலூர் நிலம், யானை வழித்தடம் இருக்கிறது. திருப்பூர் எம்.பி.க்குச் சாயப்பட்டறையும் நூல் விலையும் இருக்கிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று நம் விவசாயிகளே இரண்டு அணியாக நின்றபோது, முழு ஆயக்கட்டையும் தன் ஊராக நினைத்து நடுவில் உட்கார்ந்து பேச ஒரு பிரதிநிதி இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது.

இதெல்லாம் எல்லைக் கோடு பற்றியது. மாநிலத்துக்கு எத்தனை தொகுதி என்பது வேறு விசயம். இரண்டையும் போட்டுக் குழப்பி வாட்ஸ்அப்பில் நிறைய வருகிறது. எத்தனை என்பதற்கான சூத்திரத்தை அரசியல் சட்டம் சொல்லும், அதை மாற்றுவது நாடாளுமன்றம். ஆணையம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கொடுத்த சூத்திரத்தைத்தான் போட முடியும்.

நமக்கு அந்தச் சூடு ஒருமுறை பட்டிருக்கிறது. 1957-லும் 1962-லும் நம் மாநிலத்துக்கு 41 எம்.பி. 1961 கணக்கெடுப்பை வைத்து அடுத்த ஆணையம் கணக்குப் போட்டது. 1967-ல் 39. இன்றுவரை 39. குடும்பக் கட்டுப்பாடு பண்ணியதால் இரண்டு போனது என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழுசாகச் சரியில்லை. 1951-61-ல் நாடு 21 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது, நாம் 12 சதவீதம்கூட வளரவில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஊர் ஊராக இயக்கமாகப் பரவியது அதற்கு அப்புறம்தான். அந்தப் பயம் நியாயமாக எழுந்தபோது, 1976-ல் 42-வது திருத்தம் எண்ணிக்கையை 1971 கணக்கோடு நிறுத்தி வைத்தது. 2002-ல் 84-வது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. எண்ணிக்கையைத் தொடாமல் உள்ளே எல்லையை மட்டும் 2001 கணக்குப்படி மாற்றலாம் என்று 2003-ல் 87-வது திருத்தம் வந்தது. நம் கோபி போனது அந்த வேலையில்தான். 39 தொகுதியை 2001-ன் 6 கோடியே 24 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 16 லட்சம். 234-க்குப் பங்கிட்டால் 2 லட்சத்து 66 ஆயிரம். திருப்பூரும் ஈரோடும் இரண்டிரண்டு சட்டமன்றத் தொகுதி ஆனதும், சத்தியும் வெள்ளக்கோவிலும் பொங்கலூரும் பேரூரும் பட்டியலில் இருந்து போனதும் இந்த வகுத்தல் கணக்கில்தான்.

அந்த இரண்டு எம்.பி.யை நீதிமன்றமே ஒருமுறை கேட்டது. தென்காசித் தனித் தொகுதியைப் பொதுவாக்கக் கேட்ட வழக்கை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. ஆனால் நீதிபதிகள் கிருபாகரனும் புகழேந்தியும் அதோடு விடாமல் ஒரு கணக்குப் போட்டார்கள்: தேர்தலுக்கு இரண்டு எம்.பி. வீதம் 14 தேர்தல், ஆளுக்கு 200 கோடி, ஆக 5,600 கோடி ரூபாயை நட்ட ஈடாக ஏன் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசைக் கேட்டார்கள். பணம் வராது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

2025 பிப்ரவரி 26-ல் உள்துறை அமைச்சர் அமித் ஷா நம் கோவைக்கு வந்தபோது, விகிதாசாரப்படி தென் மாநிலங்களுக்கு ஒரு தொகுதிகூடக் குறையாது என்றார். மார்ச் 5-ல் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டம் போட்டார். எனக்குத் தோன்றுவது: குறையாது என்பது ஒரு வாக்குறுதி, பங்கு குறையாது என்பது வேறொரு வாக்குறுதி. நமக்கு 39 அப்படியே இருந்து, மற்றவர்களுக்குக் கூடினால், பந்தியில் நம் இலை அதே அளவு, பக்கத்து இலை மட்டும் பெரிது. இதை அரசியல் சட்டத்தில் எழுத்தாக வாங்க வேண்டும், மேடைப் பேச்சாக இல்லை. அந்த வேலை எம்.பி.க்களுடையது, எந்த ஆணையமும் செய்து தராது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான தேதி 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பின் புது ஆணையம், புது வரைவு வரும். எனக்கு அப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். பழைய மனுவை டிராயரில் இருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். பேத்தியிடம் போட்டோ எடுத்து அனுப்பியும் விட்டேன்.

இந்தத் தடவை நமக்கு வேண்டியது ஊர்ப் பட்டியல். உங்கள் ஊர் எது, எந்த வாய்க்காலில் எந்த மதகு, தாலுகா ஆபீஸ் எங்கே, எம்.பி. தொகுதி எது, எம்.எல்.ஏ. தொகுதி எது என்று பின்னூட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காளிங்கராயன் பாசனக்காரர்களும் எழுதலாம். நோட்டுப் போட்டுக் குறித்துக்கொள்கிறேன். கையெழுத்துப் புரியாதபடி எழுதினால் மார்க் குறைப்பேன் என்று இங்கே சொல்ல முடியாது, அதனால் ஊர்ப் பெயரை மட்டும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள்.